பிறையிலிருந்து புக்கிட் காயு ஹித்தாம்: லோரிக்கு முன்னால் ஓடவேண்டிய காகிதங்கள்

பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கையாண்டு பழகியவர்கள் தாய்லாந்துடனான தரைவழி எல்லைக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது நேரத்தில்தான். கப்பல் சென்னையிலிருந்தோ ஷாங்காயிலிருந்தோ கிளம்பிய பிறகும் நமக்குச் சில நாட்கள் கையில் இருக்கும். இன்வாய்ஸில் பிழை இருந்தால் எழுதிக் கேட்டுத் திருத்தி வாங்கிவிடலாம். கொள்கலன் இறங்கிய பிறகும் கொஞ்சம் மூச்சுவிட அவகாசம் உண்டு. லோரி அப்படியில்லை. தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் காலையில் சரக்கேற்றினால் மதியத்துக்குள் எல்லையின் தாய்ப் பக்கமுள்ள சடாவ் வாசலில் வந்து நிற்கும். நடுவில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். எல்லையைத் தாண்டிவிட்டால் வட-தென் நெடுஞ்சாலையில் சங்லுன், ஜித்ரா, அலோர் ஸ்டார், குருன், சுங்கைப்பட்டாணி என்று இறங்கி இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல் பிறை. காகிதத்தைச் சரிசெய்ய நமக்கு மிஞ்சுவது ஓட்டுநர் ஒரு வேளைச் சோறு தின்று முடிக்கும் நேரம்.

பிறையில், சரக்குக்குச் சுங்கக் காகிதமும் லோரியும் ஏற்பாடு செய்யும் ஒரு போர்வர்டிங் அலுவலகத்தில் தாய்லாந்து வழிச் சரக்குகளைப் பார்ப்பது என் வேலை. கூலிமிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறோம். சிலர் லோரி ஓட்டுகிறார்கள், சிலர் கிடங்கில், சிலர் என்னைப்போல் மேசையில். இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுண்டு. நம் பக்கத்து எல்லை வாசலான புக்கிட் காயு ஹித்தாமில் ஒரு லோரி நிற்கிறதென்றால் அதற்கான காரணம் பெரும்பாலும் அங்கே உண்டானதில்லை. இரண்டு மூன்று நாள் முன்னதாக, எங்கோ ஏர்கண்டிஷன் அறையில், யாரோ அவசரமாகத் தட்டிய இன்வாய்ஸில் உண்டாகியிருக்கும். அதற்கு வெயிலில் நின்று பதில் சொல்பவர் ஓட்டுநர். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும், தாய்லாந்திலிருந்து பொருள் வாங்கும் நம் சிறு வணிகர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பொருள் விவரம் எழுதும் அந்த ஒற்றை வரியிலிருந்து தொடங்குகிறேன். நான் கண்ட தாமதங்களில் ஆகப் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தவை.

பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை, சொங்க்லாவிலிருந்து கசிவு தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் வாங்கிக்கொண்டிருந்தது. இன்வாய்ஸில் எப்போதும் 'இயந்திர உதிரி பாகங்கள்' என்றே வரும். வாங்குகிறவர் பார்வையில் அது சரிதான், இயந்திரத்தில்தானே மாட்டப்போகிறார்கள். சுங்கம் அப்படிப் பார்ப்பதில்லை. வல்கனைஸ் செய்த, அதாவது பதப்படுத்திய, ரப்பரில் ஆன கேஸ்கெட்டுக்கு எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண், 4016.93. இயந்திரங்களுக்கான 84ஆவது அத்தியாயத்துக்கு அது போகவே முடியாது. அந்த அத்தியாயம் அடங்கிய பிரிவின் முதல் குறிப்பே இத்தகைய ரப்பர் பொருட்களை வெளியே தள்ளிவிடுகிறது. ஒருநாள் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ரப்பர், காகிதத்தில் இயந்திரம். லோரி மாலை வரை நின்றது.

வாங்கும் பிரிவில் இருந்த தம்பி போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "போன மாசமும் இப்படித்தானேக்கா போட்டோம், விட்டுட்டாங்களே!"

போன மாதம் விட்டார்கள் என்பதற்கு ஒரே பொருள், போன மாதம் திறக்கவில்லை என்பதுதான். எல்லா லோரியையும் திறந்து பார்க்க உலகத்தில் எந்த எல்லையிலும் முடியாது. சந்தேகத்துக்குரியதைத் தேர்ந்தெடுத்துத் திறக்கிறார்கள், மற்றதைப் பிறகு கணக்குப் பரிசோதனையில் பார்த்துக்கொள்கிறார்கள். இறக்குமதி ஆவணங்களை 7 ஆண்டு பத்திரப்படுத்தி வைக்கச் சட்டம் சொல்வது இதற்காகத்தான். ஒருநாள் அதிகாரிகள் நிறுவனத்துக்கே வந்து பழைய கோப்பைக் கேட்டால், இதுவரை தப்பிப் போன ஒவ்வொரு 'உதிரி பாக'மும் சேர்ந்து வந்து நிற்கும்.

எனவே நான் வாடிக்கையாளர்களிடம் கேட்பது: இன்வாய்ஸ் வரியில் மூன்று செய்தி இருக்க வேண்டும். என்ன பொருள், எதனால் ஆனது, எதில் பயன்படுவது. 'வல்கனைஸ் செய்த ரப்பர் கேஸ்கெட், தண்ணீர் பம்புக்கு' என்று எழுதினால் போதும். கூடவே கேட்டலாக்கின் ஒரு பக்கமும் ஒரு படமும் இருந்தால் கவுண்டரில் பேச்சே குறைந்துவிடுகிறது. குறியீட்டில் முதல் 6 எண்கள் உலகம் முழுதும் ஒன்றுதான், 8 வரை ஆசியான் நாடுகள் பொதுவாக வைத்திருக்கின்றன. அதனால் தாய்லாந்து விற்பனையாளர் தரும் குறியீடு நல்ல தொடக்கம். தொடக்கம் மட்டுமே. அவர் ஏற்றுமதி செய்கிறவர். தவறான குறியீட்டால் அவருக்குப் பெரிதாக நட்டம் வராது. வரி கட்டுகிறவர் நீங்கள். எந்தத் தலைப்பில் விழும் என்று உண்மையிலேயே குழப்பமான பொருள் என்றால், வணிகம் தொடங்கும் முன்னரே சுங்கத்துறையிடம் எழுத்துமூலம் வகைப்பாட்டு முடிவு கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்குக் காத்திருக்கும் வாரங்களைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு லோரிக்கும் ஒரு வாதம் நடத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது பாரம் டி. ஆசியான் நாடுகளுக்குள் உற்பத்தியான பொருளுக்கு இறக்குமதி வரியைக் குறைத்தோ முழுதாக நீக்கியோ தரும் சான்றிதழ் இது. 2010இல் நடப்புக்கு வந்த ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருவது. பொருள் முழுதும் அந்த நாட்டிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும், அல்லது அதன் மதிப்பில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியானுக்குள் சேர்ந்ததாகவோ, மூலப்பொருளின் 4 எண் தலைப்பு மாறும் அளவுக்கு உற்பத்தி நடந்ததாகவோ இருக்க வேண்டும். தாய்லாந்து விற்பனையாளர்தான் அங்கே விண்ணப்பித்து வாங்க வேண்டும். நம் பக்கம் இருந்து ஏற்றுமதி என்றால் மித்தி எனப்படும் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு தருகிறது. 2018 முதல் மலேசியாவும் தாய்லாந்தும் இதை மின்னணு வழியாகவே பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. ஓட்டுநரின் பைக்குள் மூலப்பத்திரம் கசங்கி வரும் காலம் போய்விட்டது, பெரிய நிம்மதி.

மின்னணுவாக வந்தாலும் உள்ளே எழுதியிருப்பது சரியாக இருக்க வேண்டுமே. மேலே சொன்ன கேஸ்கெட்டுக்குத் தாய்லாந்தில் 84இல் பாரம் டி வாங்கியிருந்தார்கள். நாம் கே1 என்ற இறக்குமதிச் சுங்க அறிவிப்பில் 4016 என்று சரியாகப் போட்டதும் இரண்டும் பொருந்தவில்லை. சரியானதைச் செய்தும் சலுகை கேள்விக்குள்ளாகிறது. ஆகவே குறியீட்டை இரு பக்கமும் பேசி முடிவுசெய்ய வேண்டியது பாரம் டிக்கு விண்ணப்பிக்கும் முன்பு. பின்பு அல்ல.

இன்னொரு சிக்கல் பினாங்கில் அடிக்கடி வரும், ஏனென்றால் இங்குள்ள நிறுவனங்கள் பலவற்றின் வட்டார அலுவலகம் சிங்கப்பூரில் இருக்கிறது. பொருள் தாய்லாந்திலிருந்து நேரே பிறைக்கு வருகிறது. இன்வாய்ஸ் மட்டும் சிங்கப்பூரிலிருந்து. இது அனுமதிக்கப்பட்ட முறைதான். ஆனால் பாரம் டியில் மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் குறியிட்டு, இன்வாய்ஸ் தரும் நிறுவனத்தின் பெயரையும் நாட்டையும் எழுதியிருக்க வேண்டும். தாய்லாந்துத் தொழிற்சாலையின் எழுத்தருக்குச் சிங்கப்பூர் இன்வாய்ஸ் ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது புதிய வாடிக்கையாளர் வந்தால் நான் முதலில் கேட்பது, "பணம் யாருக்கு அனுப்புறீங்க?" என்பதைத்தான். பொருள் ஒரு நாட்டிலிருந்தும் பில் வேறு நாட்டிலிருந்தும் வருவது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

தேதியையும் பாருங்கள். ஏற்றுமதி நாளிலிருந்து 3 நாளுக்குள் சான்றிதழ் வழங்கப்படவில்லையென்றால் 'பின்தேதியிட்டு வழங்கப்பட்டது' என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். கப்பலில் இந்த 3 நாள் பெரிதாகத் தெரியாது. லோரியிலோ அந்த 3 நாளுக்குள் பொருள் தொழிற்சாலைக்குப் போய்ப் பாதி பயன்படுத்தப்பட்டும் இருக்கும்.

மதிப்பு பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் இறக்குமதி மதிப்பு என்பது பொருளின் விலையோடு எல்லை வரையிலான போக்குவரத்துச் செலவும் காப்புறுதியும் சேர்ந்தது. அந்த மொத்தத்தின் மேல் சுங்கவரி, இரண்டையும் சேர்த்து அதன் மேல் விற்பனை வரி. இந்த விற்பனை வரி 2018 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. விற்பவர் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்லும் குறியாக, லோரிச் சரக்கின் இன்வாய்ஸில் இன்றும் பலர் எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரை) என்று போடுகிறார்கள். அது கப்பலுக்கான விதி. லோரிக்கு எஃப்சிஏ (குறித்த இடத்தில் வண்டிக்காரரிடம் ஒப்படைக்கும் வரை) அல்லது டிஏபி (சேரும் இடம் வரை) போட்டு, எந்த ஊர், யாருடைய வளாகம் என்பதையும் எழுதினால் போக்குவரத்துச் செலவு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்வி எழாது. சரக்கு மழையில் நனைந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் அதே வரிதான் பதில். அதனால் இதை வெறும் சம்பிரதாயமாக எண்ணாதீர்கள்.

செடி, பழம், பூ, இறைச்சி, மீன் என்று உயிர்ப்பொருள் எதுவாக இருந்தாலும் கணக்கே வேறு. தைப்பூசத்துக்கு முன் ஆர்க்கிட் பூ கொண்டுவர விரும்பும் பூக்கடைக்காரர்கள் கேட்பார்கள்: "பூ தானேம்மா, அதுக்கு என்ன பெர்மிட்?" பூவுக்குத்தான் வேண்டும். இறக்குமதி பெர்மிட் முதலில் இங்கே வாங்க வேண்டும். அதில் உள்ள நிபந்தனைகளைப் பார்த்துத் தாய்லாந்து அதிகாரிகள் தாவர நலச் சான்றிதழ் தருவார்கள். இந்த வரிசை மாறினால், சான்றிதழ் இருந்தும் பயனில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லைத் தனிமைப்படுத்தல் சோதனையை மாகிஸ் என்ற துறை பார்த்துவந்தது. 2025இல் எல்லை வாசல்களுக்கென்று ஏகேபிஎஸ் என்ற புதிய அமைப்பு செயல்படத் தொடங்கியிருக்கிறது. அதனால் பழைய கோப்பில் இருக்கும் முகவரியை நம்பாமல், ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்கும் முன் யாரிடம், எந்த முறையில் என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உயிர்ப்பொருளே இல்லாத சரக்கிலும் மரம் இருக்கும். பேலட். இயந்திரம் கொண்டுவருகிறவர்கள் இயந்திரத்துக்கான அத்தனை காகிதத்தையும் வைத்திருப்பார்கள், அதன் அடியில் கிடக்கும் மரப்பலகையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்தி, கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு எச்டி முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. முத்திரை இல்லாத ஒரு பேலட்டுக்காக முழு லோரியும் நிற்கும். விற்பனையாளர் சரக்கேற்றும்போது முத்திரை தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேலட் படம் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். அனுப்பிவிட்டுச் சிரிக்கட்டும்.

இனி நேரம். நான் நெடுக எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இது எந்தப் பாரத்திலும் எழுதியிருக்காது.

தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். 1982 ஜனவரி 1இல் தீபகற்பக் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து இந்த இடைவெளி. நம் பக்கம் காலை 6 மணி ஆகும்போது அங்கே மணி 5. "மூன்று மணிக்கு வாசலில் இருப்பேன்" என்று தாய் ஓட்டுநர் செய்தி அனுப்பினால் அது யாருடைய மூன்று? எங்கள் குழுவில் எல்லாரும் இரண்டு நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்: மலேசியா 4, தாய் 3. அதிகாரிகளின் சாப்பாட்டு நேரத்தையும் இரு பக்கக் கடிகாரத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.  நடுப்பகலில் வாசலுக்கு வரும் லோரி இடைவேளையில் மாட்டிக்கொள்ளும்.

வார விடுமுறை இன்னும் பெரிய விஷயம். எல்லை இருப்பது கெடாவில். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். பினாங்கில் சனியும் ஞாயிறும். தாய்லாந்திலும் சனி, ஞாயிறு. வாசல் நாள்தோறும் இயங்கும், அறிவிப்பும் கணினி வழியே எந்நேரமும் போகும். அதனால் இது பெரிதில்லை என்று தோன்றும். சிக்கல் இல்லாத சரக்குக்கு உண்மையிலேயே பெரிதில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்துவிட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் ஏதோ ஒன்று அன்று மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை கெடாவில் மேலதிகாரி இல்லை. சனிக்கிழமை எல்லாப் பக்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கெடா திறந்திருக்கும், ஆனால் பினாங்கு வங்கியும் தாய்லாந்து விற்பனையாளரும் இல்லை. மூன்று இடமும் சேர்ந்து திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். புதிய பொருள், புதிய விற்பனையாளர், முதல் முறை பெர்மிட் என்று எதுவாக இருந்தாலும் நான் திங்களோ செவ்வாயோ எல்லையைத் தொடும்படிதான் ஏற்பாடு செய்வேன். வியாழன் பிற்பகல் ஹாட்யாயிலிருந்து கிளம்புகிறேன் என்று யாராவது சொன்னால், "அண்ணே, திங்கட்கிழமை கிளம்பச் சொல்லுங்க" என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். நான்கு நாள் தாமதமாகக் கிளம்பும் சரக்கு ஒருநாள் முன்னதாக வந்துசேரும் விந்தையை வாடிக்கையாளர்கள் ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு கேள்வி கேட்பதில்லை.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான். அதையொட்டி முன்னும் பின்னும் தாய் ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பிடித்து வைக்க முடியாது, பிடித்து வைக்கவும் கூடாது. நம் தீபாவளிக்கு நாம் போவது போலத்தான். நம் பக்கம் ஹரிராயாவும் சீனப் புத்தாண்டும் வரும்போது நெடுஞ்சாலையில் கார் வெள்ளம். இரு நாட்டு விடுமுறையையும் ஒரே நாட்காட்டியில் குறித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

சரக்கை மாற்றும் இடத்துக்கு வருவோம். பொதுவாகத் தாய் லோரி பிறை வரை வருவதில்லை. எல்லைப் பகுதி யார்டில் இரண்டு லோரியையும் பின்பக்கம் சேர்த்து நிறுத்தி, பெட்டிகளை இங்கிருந்து அங்கே மாற்றுவார்கள். எண்ணிக்கை குறைவு, மூலை நசுங்கல், ஈரம் என்று பிறையில் வந்து கண்டுபிடிக்கும் முக்கால்வாசிப் பிரச்சினைக்கு இந்த அரை மணி நேரம்தான் தோற்றுவாய். அங்கே சரக்கின் சொந்தக்காரர் யாரும் நிற்பதில்லை. நிற்பவர் நம் ஓட்டுநர் ஒருவர்.

எங்களுக்கு வழக்கமாக ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், சுங்கைப்பட்டாணிக்காரர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. தாய் லோரியின் கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் படம் எடுப்பார். கதவு திறந்ததும், ஒரு பெட்டியும் நகரும் முன், உள்ளே இருக்கும் நிலையை ஒரு படம். தூக்கும்போது எண்ணுவார், பேக்கிங் லிஸ்டில் கோடு போடுவார். கிழிந்த பெட்டி இருந்தால் தாய் ஓட்டுநரையும் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியாகப் புது சீல் போட்டு அதன் எண்ணை எனக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். "தங்கச்சி, என் வாய்ப்பேச்ச எவனும் நம்பமாட்டான். படத்த நம்புவான்" என்பார். காப்புறுதிக்காரர்கள் கேட்கும் அத்தனை ஆதாரமும் அவர் கைபேசியில் இருந்து வந்ததுதான் பல முறை.

பேக்கிங் லிஸ்டில் எடையை ஒப்புக்கு எழுதாதீர்கள். அதை நம்பித்தான் லோரியில் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவுசெய்கிறோம். நெடுஞ்சாலையில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) எடைபோடும்போது காகிதத்தில் உள்ள எண் வண்டியில் இல்லையென்றால், சம்மன் வருவது ஓட்டுநர் பெயருக்கும் லோரிக்காரர் பெயருக்கும். எடையைத் தவறாக எழுதியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. எனக்கு இதில் கோபமே வரும்.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1972இல் தொடங்கிய அந்தத் தடையற்ற தொழில் வட்டாரம் சுங்க நோக்கில் வேறு ஓர் இடம் போல. அங்கே போகும் பொருளுக்கு எல்லையில் வரி கட்டுவதில்லை. கே8 அறிவிப்பில், வங்கி உத்தரவாதத்தின் பேரில், வரி கட்டாத சரக்காக எல்லையிலிருந்து பாலம் கடந்து தீவுக்குப் போகிறது. எல்லைச் சாவடியிலிருந்து கிளம்பிவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது என்று அங்குள்ள சுங்க அதிகாரி உறுதிசெய்து, அந்த உறுதி எல்லை நிலையத்துக்குத் திரும்பினால்தான் உத்தரவாதம் விடுபடும். ஒரு வாடிக்கையாளர் தன் கிடங்கில் சரக்கை இறக்கிக்கொண்டு காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். அடுத்த லோரிக்கு உத்தரவாதத் தொகையில் இடமில்லாமல் போனபோதுதான் அந்த இழுப்பறை திறந்தது. கே8 சரக்கு இறங்கிய அன்றே முடித்து வைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைத்துவிடுங்கள். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கனமான, அவசரமில்லாத சரக்குக்கு லோரியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. பெர்லிஸில் பாடாங் பெசார் வழியாக ரயில் இருக்கிறது. தென் தாய்லாந்தின் ரப்பர் கொள்கலன்கள் காலங்காலமாக அந்த வழியில்தான் பட்டர்வொர்த் வந்து கப்பலேறுகின்றன. மொத்தமாக, நிதானமாகப் போகிற பொருள் என்றால் விலை கேட்டுப் பாருங்கள்.

புதியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கோப்பிக் காசு எவ்வளவுக்கா வைக்கணும்?" ஒரு சென் வைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவர் போலவே கொடுப்பவரும் குற்றவாளி. சட்டத்தை விடுங்கள், காகிதம் சரியாக இருந்தால் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை, காகிதம் தவறாக இருந்தால் கொடுத்தும் அது சரியாகிவிடாது. நான் பழகிய அதிகாரிகளில் பலர், நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்கிறவர்கள். "டத்தோ, இந்தப் பொருள் புதுசு, இதுதான் கேட்டலாக், எங்கே போடலாம்னு நினைக்கிறோம்" என்று சரக்கு வரும் முன்பே போய்க் கேட்டால் மதித்துப் பேசுகிறார்கள். சரக்கு வந்து நின்ற பிறகு கேட்டால் அதே கேள்வி சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. 2010 நவம்பரில் ஹாட்யாயும் கெடாவும் சேர்ந்தே மூழ்கின. 2025 நவம்பரில் ஹாட்யாய் மறுபடியும் பெரும் வெள்ளத்தில் கிடந்தது. அப்போது எல்லை வாசல் திறந்திருக்கலாம், ஆனால் அதற்கு வரும் சாலையும் ஏற்றும் கிடங்கும் தண்ணீருக்குள். தாய்லாந்து மூலப்பொருளை நம்பியிருக்கும் தொழிற்சாலைகளிடம் அக்டோபரிலேயே கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறேன். கிடங்கு வாடகை வீண் என்று கணக்குப் பிரிவு முறைக்கும். உற்பத்தி வரிசை நின்றால் ஆகும் செலவை அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 18 முதல் மனிதர்களுக்கு எல்லை மூடியபோதும் சரக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரிசியும் மருந்தும் கையுறைக்கான ரப்பர் பாலும் யாரோ ஓட்டியதால்தான் வந்தன. சோதனைக்கு மூக்கில் குச்சி, கழிவறைக்குக்கூட இறங்கக் கட்டுப்பாடு, வீட்டுக்குப் போனால் பிள்ளைகளைத் தொடப் பயம். அந்த ஓட்டுநர்களுக்கு இந்த ஊர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.

ஆகவே விலைப்பட்டியல் தரும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒரு வரி இருக்கிறது: காத்திருப்புக் கட்டணம். எல்லையில் ஒப்புக்கொண்ட மணிநேரத்துக்கு மேல் வாடிக்கையாளரின் காகிதத்தால் லோரி நின்றால், ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று ரிங்கிட் கணக்கில் எழுதி, அதில் ஓட்டுநருக்குப் போகும் பங்கையும் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுகிறேன். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்கு நின்ற நேரம் என்பது இழந்த ட்ரிப். "மத்த ஏஜெண்டுங்க இதெல்லாம் போடறதில்லையே" என்று சொன்னவர்கள் உண்டு, அதனால் போய்விட்டவர்களும் உண்டு. இருந்தவர்களில் ஒருவர் முதல் முறை அந்தக் கட்டணம் பில்லில் வந்ததும் நேரே தாய்லாந்து விற்பனையாளரை அழைத்து, சரக்கேற்றும் நாளுக்கு முந்தின நாள் மாலை 4 மணிக்குள், மலேசிய நேரப்படி, வரைவு இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் பாரம் டி விண்ணப்பமும் எனக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் சரக்குக்கு நான் முந்தின இரவே கே1 தயாராக வைத்துவிடுகிறேன். சுங்கைப்பட்டாணி அண்ணன் அந்த ட்ரிப்பை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.